காய்ச்சல் துண்டில் எழுதியிருக்கும் சொற்கள்

"கிருமி" என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பாவிக்கிறோம். வைத்தியர்கள் நோயை உண்டாக்கும் நுண்ணங்கியை நோயாக்கி என்பார்கள். அதையும் பற்றீரியா, வைரசு, புரட்டோசோவா, பங்கசு என வகை பிரிப்பார்கள். இது படித்தவர்களுக்கு மட்டும் வேண்டிய விடயமல்ல. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது இந்த வகையிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

டெங்கு வைரசினால் வருவது. பற்றீரியாவைக் கொல்லும் அன்ரிபயோற்றிக் குளிசைகள் அதற்கு எடுபடா. காய்ச்சலைத் தணிக்கப் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின் எடுத்தால் இரத்தக்கசிவு கூடலாம். மலேரியா புரட்டோசோவாவினால் வருவது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. என்றாலும் இந்தியாவிலிருந்து திரும்பிய உறவினருக்குக் காய்ச்சல் கண்டால், அங்கிருந்து வந்ததை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

சொந்த வயலிலோ கூலிக்கோ சேற்றில் இறங்கும் நாம் முக்கியமாக அறியவேண்டியது எலிக்காய்ச்சல். துண்டில் லெப்டோஸ்பைரோசிஸ் என்று இருக்கும். இதன் நோயாக்கி சுருள் வடிவான ஒரு பற்றீரியா. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் பல நாட்கள் உயிரோடிருக்கும். கால்வெடிப்பு, சிறு காயம், கண், வாய் வழியாக உட்புகும். எலி கடிக்கவேண்டும் என்றில்லை. நெடுங்காலம் கைவிடப்பட்டுப் பற்றை மூடிய வயலைத் திருத்த இறங்குவோர் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

கிருமி புகுந்த நாள் முதல் அறிகுறி தோன்றும் வரையான இடைவெளி நோயரும்பு காலம் எனப்படும். எலிக்காய்ச்சலுக்கு அது வழக்கமாக 5 முதல் 14 நாட்கள். ஆகவே இன்று காய்ந்தால் நேற்று நனைந்த மழையை அல்ல, இரண்டு கிழமைக்கு முந்திய உழவை நினைத்துப் பார்க்கவேண்டும். கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல் என்பன அறிகுறிகள். சலம் குறைவது சிறுநீரகம் தாக்கப்பட்டதைக் காட்டும்; கண் மஞ்சளிப்பது ஈரல் தாக்கப்பட்டதைக் காட்டும். இதைச் செங்கமாரி என்றெண்ணிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்துவோர் உண்டு. அந்த மூலிகையை நாம் பழிக்கவில்லை. கடந்த நாட்களைத்தான் திரும்பப் பெறமுடியாது. 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்துடன் பதிவாகினர். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சலும் இதுவென்றே பரிசோதனையில் தெரியவந்தது.

இது பற்றீரியா என்பதே நமக்குள்ள வாய்ப்பு. அன்ரிபயோற்றிக் இதற்குக் கேட்கும், அதுவும் ஆரம்பத்திலேயே கொடுத்தால். ஆனால் "நெகற்றிவ்" என்ற சொல்லைக் கண்டு ஏமாறவேண்டாம். இரத்தத்தில் பரிசோதனை தேடுவது பெரும்பாலும் பிறபொருளெதிரியை. அது உருவாக ஒரு கிழமையளவு செல்லும். முதல் நாட்களில் "நெகற்றிவ்" என்று வந்தாலும் நோய் இருக்கலாம். அதனால் வைத்தியர் துண்டை மட்டும் நம்பாமல் உங்கள் வாய்ச்சொல்லையும் வைத்தே மருந்தைத் தொடங்குவார். "ஐயா, நான் வயலில் இறங்கினனான்" என்று அவர் கேட்குமுன்பே சொல்லுங்கள்.

விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். தடுப்புக்காக வாரமொருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணிகளும் சிறுவரும் அதைத் தாமாக எடுக்கக்கூடாது.