விலை கூடிய ஒயில் எல்லாம் நல்ல ஒயிலா?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிற்குக் களப்பணிக்காகச் சென்றிருந்தேன். 2009இல் கணவரை இழந்த அக்கா ஒருவர் அங்கே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடனுக்கு வாங்கி, மீன் ஏற்றிச் சென்று விற்றுத் தன் மூன்று பிள்ளைகளையும் படிப்பிக்கிறார். அன்று மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. அவர் முகத்திலும் களையில்லை.

“புது ஒயில் விட்டனான் பிள்ளை. போத்தலிலை ரேஸ் கார் படம் போட்டிருந்தது. விலையும் கூட. நல்லதாத்தான் இருக்குமெண்டு வாங்கினன். இப்ப முறுக்க முறுக்க எஞ்சின் கத்துது, சைக்கிள் இழுக்குதில்லை. மூண்டு நாளாய் யாவாரம் இல்லை” என்றார்.

அந்த ஒயில் கெட்டதல்ல. அது காருக்கு நல்லது. அவருடைய மோட்டார் சைக்கிளுக்குத்தான் பொருந்தவில்லை.

சாதாரண ஒயில், நிலத்துக்கு அடியிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுவது. ‘சிந்தெற்றிக்’ எனப்படும் செயற்கை ஒயில், மூலக்கூறுகள் சீராக அமையும்படி இரசாயன முறையில் ஆக்கப்படுவது. வேகக் கார்களின் எஞ்சின் கடுமையாகச் சூடேறும். ‘ரேர்போ’ பூட்டிய கார்களில் அந்தச் சூடு இன்னும் அதிகம். அந்த வெப்பத்தில் சாதாரண ஒயில் விரைவில் சிதைந்து கரி பிடிக்கும். சிந்தெற்றிக் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும். அத்தகைய காருக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கத்தான் வேண்டும்.

கியர் மாற்றி ஓட்டும் பெரும்பாலான 4 ஸ்ரோக் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில்தான். உராய்வைக் குறைப்பதற்காகச் சில கார் ஒயில்களில் சேர்க்கும் பொருட்கள் கிளச் தட்டுகளையும் வழுக்கச் செய்துவிடும். அக்காவின் மோட்டார் சைக்கிளுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே சகோதரிகளே, போத்தலில் படத்தை விட்டுவிட்டு இரண்டு விடயங்களை வாசியுங்கள்.

முதலாவது, தடிப்பைக் காட்டும் இலக்கம். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று இருக்கும். ‘டபிள்யூ’ குளிரைக் குறிக்கும். முதல் எண் குறைந்தால் குளிர்ந்த எஞ்சினிலும் ஒயில் விரைவாக ஓடும். அடுத்த எண் கூடினால் சூட்டிலும் தடிப்பாக நிற்கும். கூடிய எண்தான் சிறந்தது என்றில்லை. உங்கள் வாகனத்துக்கு எது சொல்லப்பட்டதோ அதுவே சரி.

இரண்டாவது, ‘ஜாசோ’ என்ற ஜப்பானியத் தரக்குறி. கியர் மோட்டார் சைக்கிளுக்கு ‘எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்றிருக்க வேண்டும். ‘எம்.பி.’ கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. இவை பொருந்தினால் சாதாரண ஒயிலே போதும். சிந்தெற்றிக் வாங்கினாலும் இதே குறிகளைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பழைய வாகனம் வாங்கியோரிடம் கைநூல் இருப்பதில்லை. ஒயில் விடும் மூடியிலோ அதன் அருகிலோ இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அந்த மாதிரி வாகனத்தை விற்கும் முகவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் நமது பெற்றோர் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், எஞ்சின் தேயும். கிடைத்ததைக் கொண்டு சமாளித்த காலம் அது. இன்று கடையில் பலவகை ஒயில்கள் இருக்கின்றன. தெரிவு செய்யத்தான் நாம் பழக வேண்டும்.

அக்காவின் மோட்டார் சைக்கிளில் அந்த ஒயிலை வடித்து, உரியதை விட்டார் கராஜ் தம்பி. நல்லவேளை, கிளச் தட்டுகள் கருகியிருக்கவில்லை. மறுநாளே வியாபாரம் தொடங்கியது. இப்போது ஒயிலின் இலக்கத்தையும் ‘எம்.ஏ.’ என்ற குறியையும் ஒரு துண்டில் எழுதி, பணப்பையில் வைத்திருக்கிறார். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு அந்த எஞ்சினில்தான் ஓடுகிறது.