இரத்தம் கண்டால் மூலம் என்று முடிவு செய்யாதீர்கள்

மலத்தோடு இரத்தம் வந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை "மூலம்". அடுத்தது "சூடு". நோன்பு மாதமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தண்ணீர் குடிக்காததால் வந்தது என்று முடித்துவிடுவோம். பல நேரம் அது மூலமாகவே இருக்கும். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இதே அடையாளத்தோடு வரும். ஐம்பதை நெருங்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் உண்டு.

ஹார்மோன் என்பது இரத்தத்தில் சுற்றிவரும் ஒரு செய்தி. அதைப் படிக்க, செல்லில் 'ஏற்பி' என்ற புரதம் இருக்க வேண்டும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்குக் கருப்பையிலும் மார்பகத்திலும்தான் வேலை என்று நாம் நினைக்கிறோம். குடலிலும் அதற்கு ஏற்பி உண்டு. நெடுநாள் ஒரே வகை ஏற்பிதான் தெரிந்திருந்தது. 1996-ல் சுவீடன் விஞ்ஞானி குஸ்தாஃப்சனின் குழுவினர் இரண்டாவது வகையை அறிவித்தனர். பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா. நலமான பெருங்குடலின் உட்சுவரில் மிகுதியாக இருப்பது இந்தப் பீட்டாதான். ஆண்களின் குடலிலும் இருக்கிறது. ஆண் உடலிலும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது.

மார்பகத்தில் ஆல்ஃபா செல்களைப் பெருகச் சொல்கிறது. குடலில் பீட்டா அதற்கு நேர்மாறாகக் கடிவாளம் போடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புற்று முற்ற முற்ற இந்தப் பீட்டாவின் அளவு குறைந்துகொண்டே போகிறது. உலகெங்கும் இந்நோய் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வயதும் கூடுகிறது, அதுதான் பெரிய காரணம்.

அப்படியானால் ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை உண்டவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஆறு பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் எட்டு, பக்கவாதம் எட்டு, நுரையீரலில் இரத்தக்கட்டு எட்டு, மாரடைப்பு ஏழு என்று கூடின. 2002-ல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாத்திரை உண்டவர்களுக்கு வந்த குடல் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போது சற்று முற்றிய நிலையில் இருந்ததும் பின்னர் தெரிந்தது. ஆகவே குடலைக் காப்பதற்காக யாரும் ஹார்மோன் மாத்திரை உண்ணக் கூடாது. வேறு காரணத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம்.

நம் பெண்களிடம் அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரத்தசோகை என்றதும் சத்து மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். மாதவிடாய் உள்ளவரை இரத்த இழப்புக்கு ஒரு காரணம் கண்முன் இருக்கிறது. நின்றுபோன பிறகும் இரும்புச்சத்து குறைகிறது என்றால் இரத்தம் எங்கே போகிறது? குடலில் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டிருக்கலாம். ஆண்களுக்கு இரும்புச்சத்து குறைந்தாலும் இதே கேள்விதான். வாரக்கணக்கில் மாறிய மலப் பழக்கம், காரணமின்றி எடை இறங்குவது, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. வெட்கப்பட்டு மகளிடம்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள்.

குடலில் தோன்றும் சிறு சதைக்கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள்போல ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோப்பியில் பார்த்து அப்போதே அகற்றிவிடலாம். அரசு வீடு தேடி நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை பெரும்பாலும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கானது. குடலைப் பற்றி நாமாகத்தான் கேட்க வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, மலத்தில் மறைந்த இரத்தம் உண்டா என்ற பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குச் சோதனை முன்கூட்டியே தேவைப்படும். சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும்.

சாப்பாட்டில் நம் மாவட்டத்துக் கேழ்வரகுக் களியும் கீரையும் நார்ச்சத்து தருபவை, குடலுக்கு நல்லவை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. ஆடு, மாட்டிறைச்சி உண்டாக்கக்கூடும் என்றது. பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை, வாரம் முழுக்க வேண்டாம்.