அடகுக் கடைக்குக் குப்பையோடு வருகிறவர்கள்

இந்தோனேசியாவில் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைப் 'பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்' என்றால், அதை அடகு வைத்துவிட்டார் என்று பொருள். வீட்டுப் பத்திரம், வாகனப் பதிவுப் புத்தகம் எல்லாம் அங்கே இப்படிப் பள்ளிக்கூடம் போவதுண்டு. பாரிஸ்காரர்கள் அடகுக் கடையை 'அத்தை' என்று சொல்லிவந்ததும் இதே கூச்சத்தால்தான். கைமுடையை நாலு பேர் காதுபடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே மக்களிடம் போய்ச் சேர நினைக்கும் எந்த அடகு நிறுவனத்துக்கும் முதல் தடை இந்தக் கூச்சம். அதைத் தாண்ட நெடுங்காலமாக முயன்றுவரும் நிறுவனம், இந்தோனேசிய அரசின் 'பெகடாயான்'. பெயரின் வேரே 'அடகு' என்ற சொல்தான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1746ஆம் ஆண்டு பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பொருளை ஈடாகப் பெற்றுக் கடன் தரும் வங்கி ஒன்றைத் திறந்தது. 1811இல் ஆங்கிலேயர் ஜாவாவைப் பிடித்ததும் அது மூடப்பட்டது. உரிமம் வாங்கிய தனியார் அடகு பிடித்தார்கள். பிறகு அந்த உரிமையையே அரசு குத்தகைக்கு விட்டது. குத்தகைத் தொகையைக் கட்டி லாபமும் பார்க்க வேண்டியவர் வட்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கந்துவட்டிக்காரருக்கு இந்தோனேசிய மொழியில் 'தரை அட்டை' என்று பெயர். நீரில் இருக்கும் அட்டையாவது உப்புப் பட்டால் விட்டுவிடும். இந்தப் பிடியிலிருந்து ஏழைகளை விடுவிப்பதாகச் சொல்லி, 1901 ஏப்ரல் 1 அன்று மேற்கு ஜாவாவின் சுகபூமி நகரில் முதல் அரசு அடகுக் கடை திறக்கப்பட்டது. இன்று பெகடாயானுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. சந்தைக்குப் பக்கத்தில் பச்சைப் பலகையோடு ஒன்றாவது கண்ணில் படும்.

'பிரச்சினை இல்லாமல் பிரச்சினையைத் தீர்ப்போம்' என்பது நிறுவனத்தின் புகழ்பெற்ற முழக்கம். ஆனால் மக்களின் நம்பிக்கையைச் சம்பாதித்ததில் முழக்கத்தைவிட அடகுச் சீட்டில் உள்ள விதிகளுக்கே பங்கு அதிகம். கடன் 120 நாள் தவணைக்குத் தரப்படுகிறது. அசலைத் திருப்ப முடியாதவர் வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். தவணை தப்பிப் பொருள் மூழ்கினால் ஏலம் விடப்படும். ஏலத்தில் கிடைத்த பணத்தில் அசலும் வட்டியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது பொருளின் சொந்தக்காரருக்கே சேரும். அதைப் பெற்றுக்கொள்ள ஓராண்டு அவகாசம் உண்டு. உலகில் எத்தனையோ அடகுக் கடைகளில் அந்த மிச்சம் கடைக்காரருக்கே போய்விடுகிறது. வட்டி மலிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 15 நாளுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

மக்களும் இந்தக் கடையைத் தங்கள் பங்குக்கு வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன் நகரத்துக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பும். அப்போது வண்டியையும் நகையையும் திருடனுக்கு விட்டுவிட்டுப் போவானேன் என்று ஒரு சிறு தொகைக்கு அடகு வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வட்டி என்பது காவல் கூலி. வட்டி ஆகாது என்னும் சமய உணர்வுள்ளவர்களுக்காக 2003இலிருந்து ஷரியா முறைக் கிளைகளும் இயங்குகின்றன. அங்கே வாங்கப்படுவது, பொருளின் மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படும் பாதுகாப்புக் கட்டணம்.

பணமுடை இல்லாதவரையும் கடைக்குள் வரவழைக்க நிறுவனம் கண்ட வழி தங்கச் சேமிப்பு. 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வாங்கிக் கணக்கில் வைக்கலாம். அன்றைய விலையில் அந்தத் தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. இதோடு வந்து சேர்ந்ததுதான் குப்பை. யோக்யகர்த்தாவை அடுத்த பந்துல் மாவட்டத்தில் 2008இல் உருவான 'குப்பை வங்கி' முறை அதற்குள் பல ஊர்களுக்குப் பரவியிருந்தது. தெருவாசிகள் பிளாஸ்டிக் பாட்டில், அட்டை, காகிதம், தகரம் என்று வீட்டிலேயே பிரித்து வைப்பார்கள். குறித்த நாளில் கொண்டுவந்து எடை போட்டால், பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்களே நடத்தும் அந்த வங்கி ஒரு புத்தகத்தில் வரவு எழுதும். சேர்ந்த சரக்கு மொத்தமாகப் பழைய பொருள் வியாபாரிக்குப் போகும்.

பெகடாயான் இந்த வங்கிகளுக்குத் தராசும் கொட்டகையும் பயிற்சியும் தந்து, குப்பையில் வந்த ரூபியாவைத் தங்கச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கச் செய்தது. 'குப்பையைப் பிரி, தங்கம் சேமி' என்பது திட்டத்தின் பெயர். காய்கறி வாங்கக் கரைந்துபோகும் சில்லறை, தங்கமாக எழுதப்பட்டதும் கை வைக்க மனம் வராத பொருளாகிவிடுகிறது. மிச்சம் பிடித்துப் பொட்டுத் தங்கம் சேர்க்கும் எந்த நாட்டுக் குடும்பத் தலைவிக்கும் இந்தக் கணக்கு புரியும். போதுமான அளவு சேர்ந்ததும் கட்டணம் செலுத்தித் தங்கக் கட்டியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

இளைஞர்களுக்காகச் சில கிளைகளை ஒட்டிக் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. பெட்டிக்கடைக்காரர்கள் முகவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். கிளைக் கவுன்ட்டரில் நிற்கக் கூசுகிறவர், தெரிந்த கடைக்காரரிடம் சோப்பு வாங்குவதுபோல் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது 10 லட்சம் ரூபியாவுக்கு உட்பட்ட சிறுகடன்களுக்குச் சில மாதங்கள் வட்டி வாங்கப்படவில்லை.

இவை அத்தனையும் தர்மம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குப்பையோடு வந்தவருக்கு நாளை மகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அப்போது எந்தக் கவுன்ட்டருக்குப் போவது என்று அவர் யோசிக்க மாட்டார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. கணக்கில் சேர்ந்த தங்கத்தை விற்காமல் அதையே ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம். நகையை முந்தானையில் முடிந்துகொண்டு, அக்கம்பக்கம் பார்த்தபடி படியேற வேண்டிய அவசியம் அங்கே இல்லை.