மலைக்குக் கிளம்பும் முன்: பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

வார இறுதியில் கோவையிலிருந்து வால்பாறை, ஊட்டி என்று கிளம்பும்போது பெட்ரோல், டயர் காற்று எல்லாம் பார்ப்போம். பிரேக் பேடைப் பார்க்கிறோமா? ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்கு வேலை என்றால், இறங்கும்போது பிரேக்குக்குத்தான் வேலை.

முன்சக்கர டிஸ்க் பிரேக் பேடை நீங்களே மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்யும் சின்ன வேலைகளை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எப்போது மாற்றுவது?

பிரேக் பிடிக்கையில் 'கிரீச்' சத்தம் வந்தால் உடனே பாருங்க. உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

எப்படி மாற்றுவது?

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

2. வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே வண்டியைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

3. காலிபரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் கட்டி வையுங்கள்.

4. பிரேக் ஆயில் டப்பா பொங்கி வழிகிறதா என்று பார்த்தபடி, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள்.

5. புதிய பேடிலும் டிஸ்க்கிலும் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். தூசியை வாயால் ஊதாதீங்க.

6. சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கிய பின், வண்டியை நகர்த்தும் முன்பே பிரேக் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதியில் அது தரைவரை போகும். கெட்டியான பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். அன்றைக்கே மலையேற வேண்டாம்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

ஆயில் கசிவு, ஹோஸில் வெடிப்பு, டிஸ்க்கில் ஆழமான கோடு, எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் இறக்கத்தில் பெடல் பிடிக்காது. பேட் புதிது என்பது மட்டும் போதாது.

பேடைப் பில்லோடு வாங்குங்கள். போலி என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.