சாரையோடு பிணைவது சாரைதான்

"நல்லதும் சாரையும் பிணையுது!" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், களை எடுப்பவர்கள் அப்படியே விட்டுவிட்டு வரப்பில் கூடிவிடுவார்கள். ஆள் உயரத்தில் பாதிக்கு எழும்பி, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, விழுந்து, மறுபடி எழும்பி நிற்கும் இரண்டு பாம்புகள். கூட்டத்தில் ஒருவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை வீசுவார். பாம்புகள் அதன்மேல் புரண்டுவிட்டால் அந்தத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்பது நம்பிக்கை. கற்பூரம் கொளுத்தும் ஊர்களும் உண்டு. அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடையில் இருக்கும் நாகக்கல்லில் இரண்டு பாம்புகள் இதே கோலத்தில் பின்னி நிற்கின்றன. கல்லில் கும்பிட்ட வடிவத்தை வயலில் உயிரோடு காண்பவர் கைகூப்புவதில் வியப்பே இல்லை.

சாரை எல்லாம் ஆண், நல்ல பாம்பு எல்லாம் பெண், இரண்டும் கூடுகின்றன என்பதுதான் ஊரில் சொல்லப்படும் விளக்கம். உண்மையில் அங்கே நல்ல பாம்பு இல்லை, பெண் இல்லை, கூடலும் இல்லை. இரண்டும் சாரை, இரண்டும் ஆண். நடப்பது மல்யுத்தம்.

செஞ்சிப் பக்கம் ஒரு கிணற்றுமேட்டில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்த காலை. இரண்டு பாம்புகளும் கயிறு திரிப்பது போல வால் பக்கத்திலிருந்து முறுக்கேறி, உடம்பின் முன்பகுதியைத் தூக்கி நின்றன. ஒவ்வொன்றும் மற்றதன் தலைக்கு மேலே தன் தலையைக் கொண்டுபோகப் பார்க்கும். ஒன்று ஒரு விரற்கடை உயர்ந்தால் போதும், கழுத்தை வளைத்து எதிரியின் தலையைத் தரையை நோக்கி அழுத்தும். அழுத்தப்பட்டது நழுவி, பக்கவாட்டில் வழுக்கி, மீண்டும் எழும். 'சப்'பென்று இரண்டும் சேர்ந்து மண்ணில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நான் ஓரடி முன்னால் வைத்தபோது கிணற்றுக்காரப் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "கிட்ட போவாத தம்பி. இப்ப அதுங்களுக்கு நீயும் நானும் கண்ணுக்கே தெரியாது." அவர் சொன்னது அப்படியே சரி. மனித நடமாட்டத்தை உணர்ந்தவுடன் மின்னல் வேகத்தில் ஓடி மறையும் சாரை, இந்தப் போராட்டத்தின்போது சுற்றி நிற்பவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. வழக்கமாக வாலின் நுனியை மட்டுமே காட்டிவிட்டுப் போகும் ஒரு விலங்கை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் பார்க்கக் கிடைப்பது அரிய வாய்ப்பு.

பார்த்தவர்கள் பார்த்ததைப் பிசகாமல்தான் சொல்கிறார்கள். பாம்புகள் எழும்புவது, பின்னுவது, விழுவது, ஆளைக் கண்டு அஞ்சாதது எல்லாம் உண்மை. ஒன்றை நல்ல பாம்பு என்று கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. சாரைகளுக்குள் நிறம் பெரிதும் மாறுபடும். ஒன்று வைக்கோல் மஞ்சளாக இருக்கும், இன்னொன்று கரும்பழுப்பாக இருக்கும். இப்படி இரண்டு சேர்ந்து நின்றால் இருவேறு இனம் என்றே தோன்றும். அதோடு, மிரண்ட சாரை கழுத்தைப் புடைத்துக்கொண்டு உறுமும். நாகம் படத்தை அகலவாட்டில் விரிக்கும். சாரையின் கழுத்தோ மேல்கீழாகப் புடைக்கும். பத்தடி தள்ளி, புல்லுக்குப் பின்னால், நெஞ்சு படபடக்க நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. நிதானமாகப் பார்க்க முடிந்தால் அடையாளம் எளிது. பெரிய வட்டமான கண், உதட்டுச் செதில்களில் நிற்கும் கறுப்புக் கோடுகள், உடலின் பின்பாதியில் கருவளையங்கள் இருந்தால் அது சாரை.

நல்ல பாம்பும் சாரையும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றின் வழிகள் பிரிந்து சில கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நாகத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, சாரையிலும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்து ஆண் பெண் பிரித்துச் சொல்வது கடினம். ஆண் பாம்பின் இனப்பெருக்க உறுப்பு இரட்டையாக, வாலின் அடிப்பகுதிக்குள் ஒடுங்கியிருக்கிறது. அதனால் ஆணின் வால் அடியில் சற்றே தடித்திருக்கும், அவ்வளவுதான். உண்மையான கூடல் பார்ப்பவரை ஈர்க்கும் காட்சியே அல்ல. பெண் விட்டுச்சென்ற வாசனைத் தடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டு ஆண் பின்தொடரும். பெண்ணின் முதுகின்மேல் தன் உடலைப் பொருத்தி, தாடையால் தடவி, வாலை வாலோடு சேர்க்கும். எல்லாம் தரையோடு தரையாக, புதரோரத்தில், நெடுநேரம் அசைவில்லாமல் நடக்கும். அதைக் கடந்து போகிறவர் கவனிப்பதே இல்லை. கவனத்தை இழுப்பது சண்டைதான். ஊர் சண்டையைப் பார்த்துக் கூடல் என்று பெயர் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தத் தவற்றைக் கிராமத்துக்காரர்களின் அறியாமை என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்களிடம் எனக்குக் கடும் மறுப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை படித்த விலங்கியலாளர்கள் பலரும் இதையே நம்பினார்கள். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகள் எழும்பிப் பின்னுவதைக் காதல் நடனம் என்றே எழுதிவந்தார்கள். பிணைந்த பாம்புகளைப் பிடித்து, வாலடியைச் சோதித்து, ஆணா பெண்ணா என்று பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் பணியாற்றிய சார்ல்ஸ் ஷா 1948-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை 'ஆண்களின் போர் நடனம்' என்று தெளிவாக்கினார். 1951-ல் சாரையின் குடும்பத்தைச் சேர்ந்த பாம்புகளிலும் இது நடப்பதை விவரித்தார். ஆகவே சரியான விளக்கம் கிடைத்தே நூறாண்டு ஆகவில்லை.

விளக்கம் கிடைத்ததும் அதைவிட ஆழமான கேள்வி ஒன்று எழுந்தது. இவை ஏன் கடித்துக்கொள்வதில்லை? சாரைக்கு நஞ்சு இல்லாவிட்டாலும் கூரிய, பின்னோக்கி வளைந்த பற்கள் உண்டு. பிடிக்கப் போனால் இரத்தம் வரக் கடிக்கும். நாகத்துக்கும் விரியனுக்கும் நஞ்சே இருக்கிறது. இருந்தும் ஆண்கள் மோதும்போது பல இனங்களில் வாயைத் திறப்பதில்லை. இனம் அழிந்துவிடக்கூடாது என்பதற்காக அவை அடக்கத்தோடு சண்டையிடுகின்றன என்றுதான் முன்பு சொன்னார்கள். கேட்க இனிமையான பதில். ஆனால் இயற்கைத் தேர்வு இனத்தின் நலனைக் கணக்கில் கொண்டு வேலை செய்வதில்லை. எல்லோரும் அடக்கமாக இருக்கும் கூட்டத்தில் ஒருவன் மட்டும் கடித்தால் அவன் வென்றுவிடுவான், அவன் பிள்ளைகளே பெருகுவார்கள். அப்படியானால் அடக்கம் எப்படி நிலைத்தது?

1973-ல் ஜான் மேனார்ட் ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு, நச்சுப்பல்லைப் பயன்படுத்தாமல் மல்லுக்கட்டும் ஆண் பாம்புகள். கணினியில் பலவகைச் சண்டைக்காரர்களை உருவாக்கி மோதவிட்டுப் பார்த்தார்கள். எப்போதும் முழு மூர்க்கத்தோடு பாய்பவன், அடிபட்டால் பின்வாங்குபவன், அடித்தால் மட்டும் திருப்பி அடிப்பவன் என்று சில வகைகள். மூர்க்கன் சில சண்டைகளை வென்றாலும் திருப்பி அடிப்பவர்களிடம் படுகாயம் பட்டு மொத்தத்தில் நட்டப்பட்டான். அளவோடு மோதி, எதிரி எல்லை மீறினால் மட்டும் எல்லை மீறுபவனே நிலைத்தான். இனத்தின் நலம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு ஆணின் சொந்த நலமே அடக்கத்தை விளைவித்துவிடுகிறது. விலங்குகளின் நடத்தையை ஆட்டக் கோட்பாட்டால் அளக்கும் ஒரு துறையே இந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நம் வரப்பில் நடக்கும் ஒரு காட்சி, நவீன பரிணாம அறிவியலின் முக்கியமான கட்டுரை ஒன்றின் முதல் எடுத்துக்காட்டுக்கு உறவு என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் பொங்குகிறது.

கடிக்காமல் வெற்றியை எப்படி முடிவு செய்வது? உயரத்தால், எடையால், தசை வலிமையால். பிடிமானம் இல்லாமல் உடம்பின் மூன்றில் ஒரு பங்கை நிமிர்த்தி நிறுத்துவது பாம்புக்கு எளிதல்ல. எதிரியின்மேல் சாய்ந்துகொண்டே அவனைவிட உயர வேண்டும், உயர்ந்தபின் அழுத்தவும் வேண்டும். நீளமும் பலமும் உள்ளவனே இதைத் தொடர்ந்து செய்ய முடியும். பெரும்பாலான பாம்பினங்களில் பெண்ணே பெரியது, ஏனென்றால் பெரிய உடலில் அதிக முட்டை தாங்கும். ஆனால் ஆண்கள் மல்லுக்கட்டும் இனங்களில் ஆண் பெண்ணுக்கு இணையாகவோ பெரிதாகவோ இருக்கும் போக்கு தெரிகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரிச்சர்ட் ஷைன் 1978-ல் காட்டினார். சாரையிலும் ஆணே பெரியது. எத்தனையோ தலைமுறைச் சண்டைகள் அதன் உடலின் அளவையே மாற்றியிருக்கின்றன.

தோற்றவனுக்கு என்ன ஆகிறது என்பதும் சுவையானது. வட அமெரிக்காவின் காப்பர்ஹெட் என்னும் குழிவிரியனில் கார்டன் ஷூயட் என்பவர் 1990-களில் செய்த ஆய்வுகளில், தோற்ற ஆண்களின் இரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியிருந்தது. அவை பெண்ணை நாடுவதை நிறுத்திவிட்டன. அடுத்த சண்டைக்கும் துணியவில்லை. உடலில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் தோல்வி உடலுக்குள் இறங்கிவிட்டது.

நாகங்களும் இப்படி மோதும், நாகத்தோடு நாகம். ஆகும்பே போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் ராஜநாக ஆண்கள் தலையை உயர்த்தி நின்று மல்லுக்கட்டுவதைப் படம்பிடித்திருக்கிறார்கள். அதே ராஜநாகத்துக்குச் சாரை முக்கியமான இரை. இருவேறு இனப் பாம்புகள் பின்னிக் கிடந்தால் ஒன்று மற்றதைத் தின்கிறது என்று கொள்ளலாம்.

கூட்டம் கூடினால் துண்டு மட்டும் பறப்பதில்லை, கல்லும் தடியும் வருகின்றன. வரப்பில் சண்டையிட்ட பாம்புகள் இரண்டும் அடித்துக் கொல்லப்பட்டு வேலிமேல் தொங்கவிடப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை இன்றும் ஆறவில்லை. மாட்டின் மடியில் பால் குடிக்கும், வாலால் அடித்தால் உடம்பு அழுகும் என்றெல்லாம் சாரையின்மேல் பழி. பால் உறிஞ்சும் உதடுகள் பாம்புக்குக் கிடையாது, வாலில் நஞ்சும் கிடையாது. வளை வளையாகப் புகுந்து எலிகளைத் தின்னும் இவ்வளவு பெரிய, நஞ்சில்லாத வேட்டைக்காரன் நெல்வயலில் வேறு யாரும் இல்லை. தோலுக்காகவும் ஒருகாலத்தில் சாரைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வணிகம் தடைபட்டது. தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மருந்துக்கு நஞ்செடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். சாரையைக் கொல்வது இன்று சட்டப்படி குற்றம்.

எனவே அடுத்தமுறை குரல் கேட்டால் ஓடிப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். இருபதடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். படம் விரிந்திருப்பது தெரிந்தால் இன்னும் பின்னால் போங்கள். நாயைக் கட்டிவையுங்கள், துணி வீச வேண்டாம். கைபேசியில் எடுப்பதானால் நடுவில் நிறுத்தாமல் முடியும்வரை எடுங்கள். எது முதலில் தலை தாழ்ந்தது, எது ஓடியது, வென்றது அதைத் துரத்தியதா அல்லது வந்த தடத்திலேயே திரும்பியதா, பக்கத்துப் புதரில் மூன்றாவதாக ஒரு சாரை கிடந்ததா என்பதையெல்லாம் குறித்துவையுங்கள்.