கிராம மின்சாரக் கூட்டுறவு: ஹுக்கேரியின் அனுபவம்

கர்நாடக மாநிலத்தில் மின்சார விநியோகப் பொறுப்பை ஐந்து அரசு நிறுவனங்கள் ஏற்று நடத்துகின்றன. பெங்களூர், மங்களூர், ஹுப்பள்ளி, கலபுரகி, மைசூர் ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனங்கள், தங்கள் வரவு செலவுக் கணக்கைப் பெங்களூரிலுள்ள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்துக் கட்டண வீதத்திற்கு ஒப்புதல் பெறுகின்றன. இவ்வரிசையில், ஒரு வட்டத்து மக்கள் உறுப்பினராகச் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் இடம் பெற்றிருப்பது பலர் அறியாத செய்தியாகும். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், பெலகாவி மாவட்டத்தில் இயங்கிவரும் ஹுக்கேரி கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கமே அது.

1969ஆம் ஆண்டில் தோன்றிய இச்சங்கம் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. இதனுடன் பிறந்த சங்கங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. மின்சாரத்தை வாங்குவோரே விநியோகத்தின் உடைமையாளராகவும் இருக்கும் இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே வலுப்பெறுகிறது, எங்கே தளர்வுறுகிறது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

தோற்றம்

நாடு விடுதலை அடைந்தபோது மின்சார வசதி பெற்றிருந்த கிராமங்கள் 1,500 அளவிலேயே இருந்தன. 1969ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 73 ஆயிரத்தை எட்டியது. எனினும், ஐந்தரை லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமங்களைக் கொண்ட நாட்டில் இது சிறு பகுதியே ஆகும். 1965 முதல் 1967 வரை ஏற்பட்ட கடும் வறட்சி, மழையை மட்டும் நம்பிய வேளாண்மையின் நலிவை வெளிப்படுத்தியது. கிணற்று நீரை இறைக்க மின்சாரம் தேவை என்ற எண்ணம் திட்ட வகுப்பாளரிடையே வலுப்பெற்றது. பி. வெங்கடப்பையா தலைமையில் அமைந்த அகில இந்திய கிராமக் கடன் மறுஆய்வுக் குழு, கிராம மின்மயத்திற்கென ஒரு தனி நிதி நிறுவனம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்படி 1969 ஜூலையில் கிராம மின்மயக் கழகம் நிறுவப்பட்டது.

இக்கழகத்தின் ஆதரவில் முன்னோடித் திட்டமாக ஐந்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்தில் சிர்சில்லா, குஜராத்தில் கோடினார், மகாராஷ்டிரத்தில் முளா-பிரவரா, உத்தரப் பிரதேசத்தில் லக்னோ, அப்போதைய மைசூர் மாநிலத்தில் ஹுக்கேரி என்பன அவை. இவற்றிற்கு முன்மாதிரியாக அமைந்தது அமெரிக்க நாட்டின் அனுபவம். 1935இல் அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் கிடைத்திருந்தது. இலாபம் இல்லை என்று தனியார் நிறுவனங்கள் கைவிட்ட சிற்றூர்களில், அரசு குறைந்த வட்டியில் அளித்த கடனைக் கொண்டு விவசாயிகளே கூட்டுறவுகளை அமைத்துக் கம்பி இழுத்தனர். இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான பண்ணைகளில் விளக்கு எரிந்தது. அக்கூட்டுறவுகளின் தேசிய சங்கமும் அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனமும் இந்தியாவின் முன்னோடித் திட்டத்திற்குத் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கின.

பின்னர் பல மாநிலங்களில் இத்தகைய சங்கங்கள் ஏற்பட்டு, அவற்றின் எண்ணிக்கை நாற்பதளவில் உயர்ந்தது. தமிழ்நாட்டில் இப்பணியை 1957இல் அமைந்த மின்சார வாரியமே நேரடியாக மேற்கொண்டமையால், இக்கூட்டுறவு முறை தமிழ் வாசகருக்குப் பழக்கமில்லாத ஒன்றாகவே இருந்து வந்துள்ளது.

சங்கத்தின் அமைப்பு

ஹுக்கேரி வட்டம் கடப்பிரபை, ஹிரண்யகேசி ஆகிய ஆறுகள் பாயும் பகுதி. கடப்பிரபையின் குறுக்கே ஹிட்கல் அணை இவ்வட்டத்திலேயே அமைந்துள்ளது. கரும்பு முக்கியப் பயிர். சங்கேஸ்வரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குகிறது. கூட்டுறவு முறையில் ஏற்கனவே பழகியிருந்த விவசாயிகள் மின்சாரத்திற்கும் அதே முறையை ஏற்றதில் வியப்பில்லை.

சங்கம் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. மாநில மின் அமைப்பிடமிருந்து மொத்தமாக வாங்கி, தன் கம்பிகள், மின்மாற்றிகள் வழியாக வீடுகளுக்கும் வயல்களுக்கும் சிறு தொழில்களுக்கும் வழங்குகிறது. இணைப்புப் பெற விரும்புவோர் பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகின்றனர். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு நிர்வாகத்தை நடத்துகிறது. ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் பொதுப்பேரவையின் முன் வைக்கப்பட வேண்டும். பெரிய விநியோக நிறுவனத்தின் நுகர்வோர் ஒருவர் மனு எழுதலாம், புகார் செய்யலாம். கூட்டுறவின் உறுப்பினரோ கணக்கைக் கேட்கலாம். நிர்வாகத்தை மாற்றவும் செய்யலாம். இம்முறையின் சாரம் இவ்வுரிமையிலேயே அடங்கியுள்ளது.

ஆண்டுக் கணக்கின் பொருள்

மின்சாரக் கூட்டுறவின் ஆண்டறிக்கையில் புதிய இணைப்புகளின் எண்ணிக்கை, நடப்பட்ட கம்பங்கள், நிறுவப்பட்ட மின்மாற்றிகள் ஆகியவை சாதனைகளாக முதலிடம் பெறுவது வழக்கம். இவை தேவையான விவரங்களே. ஆயினும், சங்கத்தின் உண்மையான உடல்நிலையைக் காட்டுபவை வேறு இரு கணக்குகளாகும். வாங்கிய யூனிட்டுகளில் எத்தனைக்குப் பட்டியல் இடப்பட்டது என்பது ஒன்று. பட்டியலிட்ட தொகையில் எவ்வளவு வசூலானது என்பது மற்றொன்று.

எடுத்துக்காட்டாக, ஒரு சங்கம் 100 யூனிட் வாங்கி 85 யூனிட்டுக்குப் பட்டியல் இடுவதாகக் கொள்வோம். அத்தொகையில் 90 சதவீதம் வசூலானால், சங்கத்தின் கைக்கு வருவது 76.5 யூனிட்டின் விலை மட்டுமே. எஞ்சிய 23.5 யூனிட்டின் விலையை யாரோ ஒருவர் சுமந்தே தீர வேண்டும். ஒழுங்காகக் கட்டணம் செலுத்தும் உறுப்பினர் அதனைச் சுமக்கலாம். அரசு மானியம் சுமக்கலாம். அல்லது மின்சாரத்தை விற்ற நிறுவனத்தின் ஏட்டில் அது நிலுவையாக ஏறலாம்.

பெரிய நிறுவனத்தில் இவ்விழப்பு பல மாவட்டங்களின் கணக்கில் கலந்து மறைந்துவிடும். ஒரு வட்டத்திற்கு மட்டும் வழங்கும் சங்கத்தில் அவ்வாறு மறைய இடமில்லை. எல்லையில் வாங்கும் மின்சாரம் மீட்டரில் பதிவாகிறது. உள்ளே விற்பது பட்டியலில் பதிவாகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை எழுதப் படிக்கத் தெரிந்த எந்த உறுப்பினரும் கண்டுகொள்ள முடியும். கூட்டுறவு முறையின் முதல் நன்மை இத்தெளிவே எனலாம்.

உறுப்பினரின் பங்கு

இழப்பில் ஒரு பகுதி இயற்கை விதியால் நேர்வது. கம்பியில் செல்லும் மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பமாக வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும். 11,000 வோல்ட் அழுத்தத்தில் செல்லும் அதே அளவு மின்திறனைத் தாழ்வழுத்தக் கம்பியில் அனுப்ப 25 மடங்கிற்கும் மேற்பட்ட மின்னோட்டம் தேவை. ஆகவே, மின்மாற்றியிலிருந்து வெகு தொலைவிலுள்ள வயல்களுக்குத் தாழ்வழுத்தக் கம்பியை நீட்டிக்கொண்டே போனால் இழப்பு பெருகுகிறது. கடைசிக் கிணற்றில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சுருள் எரிகிறது. உயர் அழுத்தக் கம்பியை வயலருகே கொண்டு சென்று சிறு மின்மாற்றிகளை நிறுவுவதே இதற்கு மாற்று.

மற்றொரு பகுதி மனிதரின் நடத்தையால் நேர்வது. 63 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றி ஒன்று 5 குதிரைத் திறன் கொண்ட மோட்டார்கள் ஏறத்தாழ பத்தினைத் தாங்கக்கூடியது. நிலத்தடி நீர் கீழிறங்கும்போது, அவ்விவசாயிகள் ஒருவர் பின் ஒருவராக அறிவிப்பின்றி 7.5 குதிரைத் திறன் மோட்டாருக்கு மாறினால் சுமை ஒன்றரை மடங்காகிறது. மின்மாற்றி எரிந்து போகிறது. மாற்று வந்து சேரும் நாள் வரை பத்துப் பேரின் பயிரும் வாடுகிறது. தவறு செய்தவரும் செய்யாதவரும் ஒருங்கே துன்புறுகின்றனர்.

இத்தகைய நிலையில் தொலைவிலுள்ள அதிகாரியின் எச்சரிக்கையைவிட அக்கம்பக்கத்தாரின் கண்காணிப்பே பயனளிக்கும். தம் மின்மாற்றியின் கீழ் எத்தனை மோட்டார்கள் உள்ளன, அவற்றின் திறன் என்ன என்பதை அப்பகுதி விவசாயிகள் நன்கு அறிவர். முறை வைத்து இறைப்பது, கூடுதல் சுமையை முன்கூட்டியே தெரிவிப்பது, கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதைத் தடுப்பது ஆகியவற்றை அவர்களே ஏற்றுச் செய்யும்போது, சங்கத்தின் செலவு குறைவதோடு மின்சாரத்தின் தரமும் உயர்கிறது. சமூகப் பங்கேற்பு என்பது விழா நாளில் கூடுவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு மின்மாற்றியின் அடியிலும் நாள்தோறும் நிகழ வேண்டியது அது.

இடர்ப்பாடுகள்

உடைமை உறுப்பினரிடம் இருந்தாலும் விலை அவர்கள் கையில் இல்லை. வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் ஒழுங்குமுறை ஆணையமே தீர்மானிக்கிறது. 2008 முதல் கர்நாடகத்தில் 10 குதிரைத் திறன் வரையிலான பாசனப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டம் மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கும் இச்சலுகையை விரிவாக்கியது. இதற்கான தொகையை மாநில அரசு மானியமாக ஈடுசெய்கிறது.

விவசாயிக்கும் ஏழைக் குடும்பத்திற்கும் இச்சலுகைகள் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் சங்கத்தின் நோக்கில் இதன் விளைவு ஆழ்ந்து எண்ணத்தக்கது. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இல்லாதபோது, அவற்றின் நுகர்வு மதிப்பீடாகவே கணக்கில் ஏறுகிறது. கம்பியில் வீணானதும் களவு போனதும் அம்மதிப்பீட்டிற்குள் மறைந்துகொள்ள இடமுண்டு. கட்டணம் செலுத்தாத உறுப்பினருக்கு ஆண்டுக் கணக்கைக் கேட்கும் ஆர்வமும் குறைகிறது. சங்கத்தின் பார்வை தன் பொதுப்பேரவையிலிருந்து விலகி, மானியம் வரும் பெங்களூரை நோக்கித் திரும்புகிறது.

கணக்கு வழுவினால் என்ன நேரும் என்பதற்கு முளா-பிரவரா சங்கம் சான்று. அகமதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீராம்பூர், ராகுரி முதலிய பகுதிகளுக்கு நாற்பது ஆண்டுகள் மின்சாரம் வழங்கிய அச்சங்கம், மாநில மின் நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டிய நிலுவை பெருந்தொகையாகப் பெருகிய நிலையில், 2011இல் தன் உரிமத்தை இழந்தது. அதன் பகுதி மாநில விநியோக நிறுவனத்தின் பொறுப்பில் சேர்ந்தது. அதே திட்டத்தில் பிறந்த சிர்சில்லா சங்கமோ, இன்று தெலங்கானா மாநிலத்தில் தொடர்ந்து இயங்குகிறது. ஒரே முன்மாதிரியிலிருந்து இருவேறு முடிவுகள் விளைந்துள்ளன.

ஆட்சிக்குழுத் தேர்தலும் ஒரு சோதனையே. ஹுக்கேரி சங்கத்தின் தேர்தல் மாநில அளவில் கவனிக்கப்படும் அரசியல் போட்டியாக மாறியுள்ளதை 2025ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டியது. மக்கள் அக்கறை கொள்வது நலமே. ஆனால் வாக்குப்பதிவு நாளில் எழும் ஆர்வம், இழப்புக் கணக்கு வாசிக்கப்படும் நாளிலும் எழுந்தால்தான் கூட்டுறவு பயன் பெறும்.

எதிர்காலம்

மின் விநியோகத்தில் கூட்டுறவுகளுக்கு இடமுண்டு என்பதை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் ஏற்றுள்ளது. கிராமப்புறங்களில் மொத்தமாக மின்சாரம் வாங்கி உள்ளூரில் விநியோகிக்கும் பணியில் ஊராட்சிகள், பயனாளர் சங்கங்கள், கூட்டுறவுகள் ஆகியவற்றை ஈடுபடுத்தும் தேசியக் கொள்கை வேண்டும் என அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. அண்டை நாடான வங்கதேசம் 1977இல் கிராம மின்மய வாரியத்தை அமைத்து, ‘பல்லி வித்யுத் சமிதி’ என்னும் நுகர்வோர் சங்கங்கள் வழியாகவே சிற்றூர்களுக்கு மின்சாரம் கொண்டு சென்றது. அச்சமிதிகள் இன்று 80 உள்ளன.

சூரிய மின்சாரம் புதியதொரு வாய்ப்பைத் திறந்துள்ளது. குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் சூரியப் பம்புசெட்டு வைத்திருந்த ஆறு விவசாயிகள் கூட்டுறவு ஒன்றை அமைத்து, பாசனத்திற்குப் போக எஞ்சிய மின்சாரத்தை விநியோக நிறுவனத்திற்கு விற்கத் தொடங்கினர். பெங்களூருக்குத் தெற்கே கனகபுரா வட்டத்து ஹாரோபெலெயிலும் ‘சூர்ய ரைத்த’ என்ற பெயரில் இத்தகைய முயற்சி மேற்கொள்ளப்பட்டது. உபரி மின்சாரத்திற்கு விலை கிடைக்கும்போது, தேவைக்கு மேல் நீர் இறைக்கும் பழக்கம் குறைய வழி ஏற்படுகிறது. மீட்டரை வேண்டாம் என்ற விவசாயி மீட்டரைக் கேட்டுப் பெறும் நிலையும் உருவாகிறது. ஏற்கனவே சொந்தக் கம்பியும் உறுப்பினர் பேரவையும் உள்ள ஹுக்கேரி போன்ற சங்கங்கள் இதனை மேற்கொள்ளத் தகுதி வாய்ந்தவை.

இதற்கெனச் செய்ய வேண்டுவன சிலவே. ஒவ்வொரு மின்மாற்றிக்கும் மீட்டர் பொருத்தி, அதன் வழியே சென்ற யூனிட்டையும் பட்டியலான யூனிட்டையும் ஊர் வாரியாக, உறுப்பினருக்குப் புரியும் மொழியில் அறிவிக்க வேண்டும். மானியத் தொகை உரிய காலத்தில் முன்னதாகவே சங்கத்திற்குச் சேர வேண்டும். இழப்பைக் குறைத்த ஊருக்கு அதன் பயனில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும்.

கிராமத்திற்கு மின்கம்பம் வந்து சேர்வது வளர்ச்சியின் முதற்படியே. அக்கம்பத்தின் வரவையும் செலவையும் அவ்வூர் மக்களே கேட்டறிந்து தீர்மானிக்கும் நாளில் அது நிறைவு பெறும். ஹுக்கேரி அப்பாதையில் நெடுந்தூரம் வந்துள்ளது. எஞ்சிய தூரத்தைக் கடப்பது அதன் உறுப்பினர்களின் விழிப்பைப் பொறுத்ததாகும்.