பாலையில் ஒரு சத்திரம்

பாலைவனம் என்றதும் உயிரற்ற மணற்பரப்பே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அறிய விரும்பும் மாணவர்கள், இலையுதிர் காலத்தில் ஒரு நாளைத் தார்ப் பாலைவனத்தில் கழித்தல் வேண்டும். அதற்கு ஏற்ற இடம், ராஜஸ்தானில் பலோதி நகரின் அருகே உள்ள கீச்சன் என்னும் சிற்றூர்.

பொழுது புலர்கிறது. வானிலே எக்காளம் ஊதினாற்போல் ஓர் ஒலி கேட்கிறது. வரிசை வரிசையாக வருகின்றன, அவ்வூரார் குர்ஜா என்றழைக்கும் பறவைகள். சாம்பல்நிற உடல், கரிய கழுத்து, கண்ணின் பின்னே வெண்குஞ்சம். நம் வயற்கொக்கை ஒத்திருப்பினும் இவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும்; குர்ஜாவோ நீட்டிக்கொண்டு பறக்கும். அடையாளங் காண இதுவே எளிய வழி.

மங்கோலியா, கஜகஸ்தான் முதலிய நாடுகளின் புல்வெளிகளைப் பனி மூடினால் இவற்றிற்கு இரையில்லை. ஆகவே, உடலிற் சேர்த்த கொழுப்பையே கட்டுச்சோறாகக் கொண்டு புறப்படுகின்றன, இமயத்தையும் கடக்கின்றன. அவ்வாண்டிற் பிறந்த குஞ்சுகள் பெற்றோருடன் பறந்தே வழியைக் கற்றுக்கொள்கின்றன.

காலையில் ஊரார் வேலியிட்ட திடலில் தானியம் இறைக்கின்றனர். 1970-களில் சில பறவைகளுக்கென்று தொடங்கிய இவ்வறம், இன்று பல்லாயிரம் பறவைகளை ஈர்க்கிறது. நண்பகலில் அவை குளக்கரை சேர்ந்து நீர் அருந்துகின்றன. சிறு கற்களையும் விழுங்குகின்றன. பல்லில்லாப் பறவைக்கு இரைப்பையிலுள்ள கல்லே அம்மி.

அந்தி சாய்ந்ததும் திறந்த வெளிகளை நாடிச் செல்கின்றன. பின்விரல் சிறுத்து உயர்ந்திருப்பதால் குர்ஜாவினாற் கிளையைப் பற்றி அமர இயலாது. பகை வருவதைத் தொலைவிலேயே காணத்தக்க வெட்டவெளியே அதன் படுக்கையறை. நாம் வெறுமை என்று கருதுவதே அதற்குக் காவல் என்பதை இங்கே உணர்கிறோம்.

அந்த வெளியில் இன்று மின்கம்பிகள் பெருகிவருகின்றன. இத்தகைய பறவைகளின் கண்கள் தலையின் பக்கங்களில் அமைந்தவை. பறக்கும்போது கீழே நோக்கினால் நேர் எதிரே உள்ளது புலப்படாது. ஆதலின் கம்பியில் மோதி மடிகின்றன. பாலையின் கதிரொளியிலிருந்து பெறும் மின்சாரம் நாட்டிற்கு வேண்டியதே. ஆயினும், இயலுமிடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுசெல்லலாம். ஏனைய இடங்களில் பறவைகள் விலகிச் செல்லுமாறு கம்பிகளில் அடையாள வில்லைகளைத் தொங்கவிடலாம்.

2025-ஆம் ஆண்டு கீச்சன், ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளத்திற்குக் கிடைத்த இப்பாதுகாப்பு, குர்ஜா உறங்கும் வெளிக்கும் அது வரும் வான்வழிக்கும் கிடைத்தல் வேண்டும். அப்பொழுதுதான் அவ்வூரார் இறைக்கும் தானியம் முழுப்பயன் தரும்.